சுற்றிப் போகச் சொல்லாதீர்கள்

"நீங்க சொன்ன ரூட்லதான் மேம் போனேன்."

முழங்காலில் நான்கு தையலோடு வந்து நின்ற மாணவி என்னிடம் முதலில் சொன்னது இதைத்தான். என்ன நடந்தது, யார் செய்தார்கள், எங்கே விழுந்தாள் என்பதெல்லாம் பிறகுதான் வந்தன. வலிக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்பே, தான் தப்பான வழியில் போகவில்லை என்று நிரூபித்துவிட வேண்டும் என்ற பதற்றம் அவளுக்கு.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் அவள். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த இலவச சைக்கிளைச் சென்னைக்குக் கொண்டுவந்திருந்தாள். சைதாப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கி, மயிலாப்பூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு வர வேண்டும். நானும் சைக்கிள் ஓட்டுபவள் என்று தெரிந்து வழி கேட்டாள். உள்தேர்வு விடைத்தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து கொடுத்தேன். ஆற்றோரத்துச் சந்துகள் வேண்டாம், குறுக்குவழி என்று யாராவது சொன்னாலும் போகாதே. அண்ணா சாலையிலேயே நந்தனம் வரை வந்து சேமியர்ஸ் சாலையில் திரும்பு. வெளிச்சம் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். துப்பட்டாவைக் குத்திக்கொள். காதில் எதையும் மாட்டாதே. ஆறு மணிக்குள் வீட்டில் இரு. இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்றாவது வாரம், மாலை ஐந்தரை மணிக்கு, நான் சொன்ன அதே அண்ணா சாலையில், நான் சொன்ன அதே வெளிச்சத்தில், பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் அவள் மார்பில் அடித்துவிட்டுப் போனான். சைக்கிளோடு சாய்ந்தாள். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் பிரேக் பிடித்ததால் இன்று இருக்கிறாள். தூக்கிவிட்ட பெரியவர், "இந்த டிராஃபிக்ல உனக்கு எதுக்கும்மா சைக்கிளு?" என்றாராம். காவல் நிலையத்தில், "தினமும் இதே வழியிலதான் போவியா? வேற வழியே இல்லையா?" என்று கேட்டார்களாம். சித்தப்பா, "மொதல்லயே சொன்னேன்ல" என்றாராம்.

எல்லோரும் அவள் வந்த வழியைப் பற்றியே கேட்டோம். எல்லோரும் என்பதில் நானும் அடக்கம். அந்த பைக் எந்த வழியாக வந்தது, எங்கே போனது, நாளை எந்தச் சாலையில் போகும் என்று யாரும் கேட்கவில்லை.

பெண்கள் பாதுகாப்பு என்ற பெயரில் நம்மிடையே பெரிய அறிவுரை இலக்கியமே வளர்ந்திருக்கிறது. பெண்கள் சைக்கிளில் போவதற்கென்று அதில் தனி அத்தியாயம் உண்டு. வெளிச்சமான சாலையைத் தேர்ந்தெடு. தினமும் ஒரே நேரத்தில் போகாதே. ஒரே வழியில் போகாதே. கூட்டமாகப் போ. இருக்கும் இடத்தைக் கைபேசியில் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே போ. மிளகு ஸ்ப்ரே வைத்துக்கொள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருப்பவள், எந்தக் கையால் ஸ்ப்ரேயை எடுப்பாள், எந்தக் கையால் செயலியைத் திறப்பாள் என்று எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்த இலக்கியத்தில் ஒரே ஒரு பாத்திரம்தான், அது பெண். வினைகள் எல்லாம் அவளுடையவை. துன்புறுத்துகிறவன் மழையைப் போல, பள்ளத்தைப் போல இயற்கையாக அங்கே இருக்கிறான். குடை கொண்டுபோகாதது நம் தவறு.

சைக்கிள் ஓட்டும் ஆண் நண்பர்களிடம் நல்ல வழி எது என்று கேட்டுப்பாருங்கள். வண்டிகள் இல்லாத உள்தெருக்களைச் சொல்வார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பு, சாலை காலியாக இருக்கும், காற்று நன்றாக இருக்கும் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு ஆபத்து என்பது லாரியும் பேருந்தும்தான். நமக்கு ஆபத்து இரண்டு. வண்டியிலிருந்து தப்ப உள்தெருவுக்குப் போக வேண்டும். ஆணிடமிருந்து தப்பப் பெருஞ்சாலைக்கு வர வேண்டும். காலியான சாலை அவர்களுக்குச் சுதந்திரம், நமக்குப் பொறி. என் மாணவிக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ‘பாதுகாப்பான வழி’ அல்ல. பேருந்துச் சக்கரத்தையும் ஆணின் கையையும் எடைபோட்டு, சக்கரம் பரவாயில்லை என்று அவள் சார்பில் முடிவு செய்திருந்தேன். கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் அவளைத் தேடி வந்தன.

சுற்றுவழிக்கு ஒரு விலை உண்டு. யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்பதால் நானே பார்த்தேன். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கல்லூரிக்கு நேர்வழி துரைசாமி சுரங்கப்பாதை, பாண்டி பஜார், தேனாம்பேட்டை, எல்டாம்ஸ் சாலை, ஆழ்வார்பேட்டை, லஸ். ஒருநாள் அந்திப்பொழுதில் அந்தச் சுரங்கப்பாதையில் ஒருவன் என் சைக்கிளுக்கு இணையாக வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். கைப்பிடிச் சுவருக்கும் அவனுக்கும் நடுவில் நான். அவன் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. மறுநாள் முதல் கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறி, வள்ளுவர் கோட்டம், நுங்கம்பாக்கம், ஜெமினி, கதீட்ரல் சாலை என்று போக ஆரம்பித்தேன். ஒரு தடவைக்குச் சுமார் 2 கிலோமீட்டர் கூடுதல். நாளைக்கு 4 கிலோமீட்டர். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போவதைவிட அதிகம். முகம் தெரியாத ஒருவனுக்காக ஆண்டுதோறும் நான் கன்னியாகுமரி வரை மிதித்துக்கொண்டிருந்தேன். அவன் மட்டும் சுரங்கப்பாதையில் நேராகப் போய்க்கொண்டிருந்தான். இந்த வரியை எந்த அரசும் விதிக்கவில்லை. ஆனால் தவறாமல் வசூலாகிறது.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். தமிழ் கற்பிப்பவள் என்பதால் சொற்கள் எனக்கு உறுத்துகின்றன. கேலி, கிண்டல், சீண்டல், சில்மிஷம். நாளிதழ்கள் இன்றும் ‘சில்மிஷம்’ என்று எழுதுகின்றன. குழந்தை சர்க்கரை டப்பாவைத் திறந்தால் சொல்கிற சொல் அது. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த ஆண்கள் துன்புறுத்தியதில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ஒரு சாவுக்குப் பிறகு எழுதிய அந்தச் சட்டத்தின் பெயரிலும் ‘ஈவ் டீசிங்’ என்றே போட்டார்கள். பின்னர் அதை மாற்றித் துன்புறுத்தல் என்றார்கள். சட்டத்தின் பெயர் மாறியது. தெருவில், காவல் நிலையத்தில், வீட்டில் பெயர் மாறவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், மானபங்க நோக்கத்தோடு கைவைப்பதற்கு 74ஆம் பிரிவு இருக்கிறது. பின்தொடர்வதற்கு 78, சொல்லாலும் சைகையாலும் இழிவுபடுத்துவதற்கு 79. என் மாணவிக்கு நடந்தது சட்டப்படி குற்றம். ஆனால் அவளிடம் கேட்கப்பட்டது, வேறு வழி இல்லையா என்பது.

வழி சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருக்கிறோம். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புகிறவர், வறுமையில் எதிர்ப்படுகிறவரிடம் எங்கே போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று சொல்வது. மலைபடுகடாம், கூத்தர் கூட்டத்துக்கு வழியில் இருக்கும் ஆபத்துகளை வரிசையாகச் சொல்லும்: பன்றிக்கு வைத்த பொறி, புற்றுப் பாம்பு, தினைப்புனம் காப்பவர் வீசும் கவண்கல். அந்தக் கூட்டத்தில் விறலியரும் உண்டு. பெண்களாகிய நாமும் இப்படித்தான் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்கிறோம். அந்த டாஸ்மாக் இருக்கிற திருப்பத்தில் வேகமாக மிதி. அந்த மெக்கானிக் கடை வாசலில் எதிர்ப்பக்கம் போய்விடு. அந்தப் பூங்காவின் பின்பக்கம் விளக்கு எரியாது. இந்த ரகசிய ஆற்றுப்படை இல்லையென்றால் பாதிப் பேர் வீட்டை விட்டு வெளியே வந்திருக்க மாட்டோம். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை.

ஆனால் பெரும்பாணாற்றுப்படையை மறந்துவிடக் கூடாது. வழிப்போக்கரைத் தாக்கிப் பறிக்கும் கொடியவர்கள் இளந்திரையன் நாட்டில் இல்லை என்று அது சொல்லும். அது அந்த மன்னனின் பெருமையாகப் பாடப்பட்டது. வழி பாதுகாப்பாக இருந்தால் புகழ் ஆள்பவனுக்கு. அப்படியென்றால் வழி பாதுகாப்பாக இல்லாவிட்டால் இகழும் ஆள்பவனுக்குத்தானே சேர வேண்டும்? ‘பாணரே, நீர் ஏன் அந்தி நேரத்தில் கிளம்பினீர்?’ என்று அந்தப் புலவர் கேட்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை பேசுகிறவர்கள் அந்த ஒரு நியாயத்தையாவது எடுத்துக்கொள்ளலாம்.

பெண்ணின் விஷயத்தில் மட்டும் நம் மரபு வேறு தீர்வுகளை வைத்திருந்தது. ஒன்று இற்செறிப்பு: ஊர் வாயைத் திறந்ததும் அவளை வீட்டுக்குள் அடைப்பது. இன்னொன்று, வெளியே போக விரும்புகிறவள் உடம்பைக் கொடுத்துவிட்டுப் போவது. ஔவை ஊர் ஊராக நடப்பதற்கு முன் பிள்ளையாரிடம் வேண்டி இளமையைத் துறந்து கிழவியானாள் என்கிறது கதை. காரைக்கால் அம்மையார் சதையை உதறிப் பேயுரு வாங்கிக்கொண்டுதான் கயிலைக்கு நடந்தார். இளம்பெண்ணாகவே, தன் உடம்போடே, தனியாக, நேர்வழியில் போய் வந்தவள் என்று ஒருத்தியைக் கதையில்கூட நாம் எளிதில் விட்டுவைக்கவில்லை. லூசான சட்டை போடு, முடியை மறை, ஆண்பிள்ளை மாதிரி தெரிவாய் என்று இன்று சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்குச் சொல்லும் அறிவுரை, அதே பேயுருவின் மலிவுப் பதிப்பு.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. என் அம்மாவும் அப்போது கற்றுக்கொண்டவர்தான். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ள அதுதான் வசதி என்று பிறகு அதையே விரும்பினார்கள். பேச்சு வராமல் இல்லை. அசிங்கமாகப் பேசினார்கள். "பேசுறவன் பேசிட்டுப் போறான், நீ ரோட்டப் பாத்து மிதி ஆத்தா" என்பார் அம்மா. சிறு வயதில் இதை அம்மாவின் துணிச்சல் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு பெண் ஓட்டவில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டினார்கள். சாலையில் ஊர்வலமாகப் போனார்கள். மாவட்ட நிர்வாகம் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. எந்தச் சந்தைத் தவிர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. பேசுகிறவன்தான் ஒதுங்க வேண்டியிருந்தது.

பிறகு என்ன ஆனது? 2005–06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சைக்கிள் கொடுக்கிறோம். நல்ல திட்டம். ஆனால் சைக்கிளைக் கொடுத்த கையோடு, சாலையை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு அதற்கு ஒதுக்க வேண்டும் என்றது அந்தக் கொள்கை. பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, மகிழ்ச்சி. அந்த நடைபாதைக்கு மேற்கே இருந்து வருகிற பெண் இறங்கி ஏற வேண்டிய சுரங்கப்பாதையை, அந்திப்பொழுதில் அவளோடு கூட வந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

‘சுற்றிப் போனால் என்ன குறைந்துவிடும்’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம், கோயிலுக்குள் போவதற்காகக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. அங்கும் சுற்றிப் போக வழி இருந்தது. அந்தச் சுற்றுவழியை ஏற்க மறுத்ததுதான் போராட்டம். பெரியார் சிறைக்குப் போனார். நாகம்மையாரும் கண்ணம்மையாரும் அங்கே போய் நின்றார்கள். சாதியின் தெருவும் ஆணின் தெருவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மேல்சாதித் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வைக்கப்பட்ட தலித் மக்களின் அவமானத்தை என் சுரங்கப்பாதையோடு சமப்படுத்த எனக்கு உரிமை இல்லை. அந்தத் தெருவில் போகும் தலித் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். ஆனால் ஒரு பாடம் பொதுவானது: யார் சுற்றிப் போகிறார் என்பதைப் பார்த்தால் ஊர் யாருடையது என்று தெரிந்துவிடும்.

இந்த அறிவுரைகள் எந்தப் பெண்ணை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகின்றன என்றும் கேட்க வேண்டும். விடியற்காலையில் சாலையைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், கடற்கரையிலிருந்து மீன்கூடையோடு வரும் அம்மா, ஏழு மணிக்குள் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டிய அக்கா, இவர்களிடம் போய் ‘வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்’ என்று யார் சொல்வது? வழியையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதே ஒரு வசதி. எனக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்ற நேரம் இருந்தது. அவர்களுக்கு இல்லை. அதேசமயம், நான் தெருவில் பயமில்லாமல் போகும் சில இடங்கள் இவர்களால்தான் அப்படி இருக்கின்றன. லஸ் பக்கம் பூக்கட்டும் அம்மா, தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்கா, இஸ்திரி வண்டிக்காரர். இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் தெருவில் எவனும் வண்டியை இணையாக உருட்ட யோசிப்பான். தெருவை அழகுபடுத்துவதாகச் சொல்லி முதலில் இவர்களைத்தான் அகற்றுகிறார்கள். பிறகு அந்தக் காலியான இடத்தில் ஒரு கேமராவை மாட்டுகிறார்கள்.

‘முதலில் உயிர் முக்கியம் இல்லையா’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. இருட்டுச் சுரங்கப்பாதையில் போய் உன் உரிமையை நிரூபி என்று எந்தப் பெண்ணிடமும் நான் சொல்ல மாட்டேன். என் மகளாக இருந்தால் நானும் சுற்றித்தான் போகச் சொல்வேன். தீ எரியும்போது ஒதுங்கச் சொல்வது சரி. இருபத்தைந்து ஆண்டுகளாக ஒதுங்கு என்று மட்டும் சொல்லிக்கொண்டு, அணைக்க யாரும் வராமல் இருப்பதைத்தான் கேட்கிறேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்னால் அது அக்கறை. அதே வார்த்தையை மாநகராட்சியும் காவல்துறையும் கல்லூரி நிர்வாகமும் சொன்னால் அது கைகழுவல்.

செய்ய முடியாத வேலையும் அல்ல இது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்ணின் பயணம் அவள் வீட்டுப் பிரச்சினை அல்ல, பொதுச் செலவு என்று ஓர் அரசால் நினைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே நினைப்பு சாலைக்கும் வரட்டும். ஒவ்வொரு சுரங்கப்பாதையிலும் விளக்கு எரிகிறதா என்று பகலில் அல்ல, இரவில் போய்ப் பார்க்கட்டும். சைக்கிள் பாதை போடுமுன் அந்த வார்டில் சைக்கிள் ஓட்டும் பெண்களைக் கேட்கட்டும். தெரு வியாபாரிகளை அகற்றாமல் இருக்கட்டும். தலைக்கவசம் போடாதவனின் வண்டி எண்ணைக் கேமராவில் பிடித்து அபராதம் அனுப்பத் தெரிந்த காவல்துறை, ஒரு பெண்ணை அடித்து வீழ்த்திய வண்டியையும் அதே கேமராவில் தேடட்டும். புகார் எழுதும்போது ‘ஏன் அந்த வழியாகப் போனாய்’ என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்கட்டும். அதற்குச் செலவே இல்லை.

இந்தப் பருவத்தில் என் வகுப்பில் ஒரு வேலை செய்தோம். சென்னை வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். அவரவர் எந்த இடத்தில் சுற்றிப் போகிறீர்கள், எந்த நேரத்தில் என்று சிவப்புப் பேனாவால் குறியுங்கள் என்றேன். முதலில் தயங்கினார்கள். அரைமணி நேரத்தில் பேனா கிடைக்காமல் சண்டை போட்டார்கள். எங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருந்த ஆற்றுப்படை முதல் தடவையாகச் சுவரில் ஏறியது. நகல் எடுத்து மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மனுவோடு கொடுக்கப் போகிறோம். நாங்கள் தவிர்க்க வேண்டிய இடங்களின் பட்டியலாக அல்ல, அவர்கள் போக வேண்டிய இடங்களின் பட்டியலாக.

தையல் பிரித்திருந்த அந்த மாணவியும் வந்தாள். இப்போது பேருந்தில் வருகிறாள். சைக்கிள் சித்தி வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடக்கிறது. அண்ணா சாலையில் தான் விழுந்த இடத்தைத் தேடிக் குறித்தாள். பிறகு திரும்பி, "இதுல என் பேர் எழுதணுமா மேம்?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. இடமும் நேரமும் போதும்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். குறியின் பக்கத்தில் மாலை 5.30 என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே அந்த பைக்கின் நிறத்தையும் எழுதினாள்.